எப்பவும் போல ஒரு வாரம்

சாம்பல் நிறத்தில் ஒரு ரப்பர் பட்டி. நடுவில் கைக்கடிகாரத்துக்கு இருப்பது போல ஒரு சின்னப் பெட்டி. அதில் முள்ளும் இல்லை, இலக்கமும் இல்லை. கலகெதர வீட்டின் முன்னறைக் கட்டிலில் சாய்ந்தபடி ராத்தா தன் இடது கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கி, அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். எங்கள் முஸ்லிம் ஆட்கள் மூத்த சகோதரியை ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசித் துளை வரை இறுக்கியும் பட்டி அந்த மெலிந்த கையில் நிற்காமல் முழங்கைப் பக்கம் வழுகியது. "தம்பி, இது எத்தன மணிண்டு காட்டாதாம். நான் எவ்வளவு சோம்பேறிண்டு மட்டும் காட்டுமாம்" என்றார். தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்புக்கான செலவைக் கொடுப்பவர் போலக் கண்களை மூடிக்கொண்டு கிடந்தார்.

அது எந்தக் காலம் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. கண்டியில் ஓர் அச்சகத்தில் நான் மெய்ப்புப் பார்ப்பவனாக இருந்தேன். வருடக் கடைசியில் வேலை முழுக்க நாட்காட்டிகள்தான். ஹிஜ்ரி மாதம், தமிழ் மாதம், பௌர்ணமிப் போயா விடுமுறை மூன்றும் ஒரே கட்டத்துக்குள் சண்டையில்லாமல் உட்கார வேண்டும். அந்தப் பழக்கத்தால் எது நடந்தாலும் அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று சேர்த்தே மனதில் பதிந்துவிடுகிறது. அது 2022. பெற்றோல் வரிசைகள் ஓரளவு குறைந்து, தலதா மாளிகையின் பெரஹரா ஊர்வலம் முடிந்து, யானைகள் ஊருக்குத் திரும்பியிருந்தன. எங்கள் கணக்கில் ஸஃபர் மாதம். ராத்தாவின் மாமியார் பெரஹரா நாட்களில்தான் மௌத்தானார். வீதிகள் மூடியிருந்ததால் நான் கட்டுகஸ்தோட்டையைச் சுற்றிக்கொண்டு ஜனாஸா அடக்கத்துக்குப் போனேன். இந்த வரிசையைத் துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நடந்தது எல்லாம் இந்த வரிசைக்குள்தான் நடந்தது.

ராத்தா விஞ்ஞான ஆசிரியை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு ஓ/எல் பரீட்சையில் விஞ்ஞானம் அவர் போட்ட பிச்சை என்பார்கள். கரும்பலகையில் உயிர்க்கலத்தின் படத்தை ஒரே இழுப்பில் வரைவார். அதற்குள் அவரைக்கொட்டை வடிவில் இழைமணிகளைப் போட்டு, "சோறு திண்டா போதாது. அத நெருப்பாக்குறது இவன்தான். இவன் வேல செய்யாட்டி நீ ராசா வீட்டுப் புள்ளையா இருந்தாலும் படுக்கதான்" என்பார். நானும் ஒரு வருடம் அந்த வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவன். வகுப்பில் என்னைத் தம்பி என்று கூப்பிட மாட்டார். முழுப்பெயர் சொல்லித்தான் எழுப்புவார்.

2006, 2007இல் நாட்டில் சிக்குன்குன்யா பரவிய காலத்தில் அவருக்கும் காய்ச்சல் வந்தது. அது அந்தக் காய்ச்சல்தானா, வேறு ஏதும் வைரஸா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. காய்ச்சல் விட்டது. மூட்டு வலியும் மெதுவாக விட்டது. ராத்தா மட்டும் எழும்பவில்லை. முதலில் அதைக் காய்ச்சல் பலவீனம் என்றோம். சூப் வைத்துக் கொடுத்தோம். கொஞ்சம் தெம்பு வந்ததும் பாடசாலைக்குப் போவார். அன்று ஒன்றும் ஆகாது. மறுநாள், சில வேளை அதற்கும் மறுநாள், கரையில் ஒதுங்கிய மீன் போலக் கிடப்பார். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தலையை வாரினால் கை நடுங்கும். இந்த நோயின் சூட்சுமமே அந்தத் தாமதம்தான் என்று பின்னாளில் வாசித்தேன். செய்த வேலைக்கான தண்டனை அன்றே வராது. பார்க்கிறவர்கள் எல்லோரும் போன பிறகுதான் வரும். ஆகவே ராத்தா நடமாடியதைக் கண்ட சாட்சிகள் ஊர் முழுக்க இருந்தார்கள். விழுந்து கிடந்ததைக் கண்டவர்கள் வீட்டார் மட்டும்தான்.

இரத்தம் சோதித்தார்கள். தைரொயிட், சீனி, ஈரல், எல்லாம் நல்லம். ஒவ்வொரு "நல்லம்" வரும்போதும் ராத்தாவின் கணவரான மச்சானின் முகம் மலரும், ராத்தாவின் முகம் வாடும். மச்சான் கலகெதர கடைவீதியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். கெட்ட மனிதர் அல்ல. பதினைந்து வருடமும் காலைத் தேநீரை அவர்தான் ஊற்றிக் கட்டிலுக்குக் கொண்டுவந்தார். ஆனால் கோப்பையை வைக்கும்போது, "மனச தைரியமா வெச்சிக்கோங்க, எல்லாம் சரியாகும்" என்பார். அந்த ஒரு வசனத்தைத்தான் ராத்தாவால் தாங்க முடியவில்லை. "எண்ட மனசுக்கு என்ன? மனசு குருணாகல் வரைக்கும் நடந்து பெய்த்து வருது. கால்தான் கக்கூசுக்குப் போகுதில்ல" என்று என்னிடம் சொல்வார். ஓதிப் பார்த்தார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், கண்ணூறு கழித்தார்கள். எதையும் அவர் மறுக்கவில்லை. கடைசியாகக் கொழும்பில் ஒரு பெரிய டொக்டர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார்: நாட்பட்ட களைப்பு நோய். ராத்தா அந்தப் பெயரைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். "களைப்பாம்! லொறி டயர் ஏறி நசுங்கினவன்கிட்ட, சட்டையில தூசி பட்டீக்கிண்டு செல்ற மாதிரி."

நான் வாசிக்கிறவன் என்பதால் அந்த நோயின் செய்திகளைத் தேடி, தமிழாக்கி, மாதம் ஒருமுறை கலகெதரவுக்கு பஸ் ஏறிப் போய் அவருக்குச் சொல்வேன். எலிகளில் காணப்படும் வகையைச் சேர்ந்த ஒரு வைரஸ் இந்த நோயாளிகளின் இரத்தத்தில் இருப்பதாக ஒரு செய்தி வந்தது. அந்த மாதங்களில் ராத்தாவின் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. "மருந்து பொறகு வரட்டும் தம்பி. காரணம் ஒண்டு ஈக்கிண்டு தெரிஞ்சா போதும்" என்றார். பிறகு அந்த வைரஸ் நோயாளிகளுடையதே அல்ல, ஆய்வுகூடத்தில் கலந்துவிட்ட அசுத்தம் என்று கண்டுபிடித்து ஆய்வைத் திரும்பப் பெற்றார்கள். அதையும் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தபடி, "போத்தல ஒழுங்காக் கழுவல்ல போல" என்றார். அவ்வளவுதான்.

அதன் பின் நோயெதிர்ப்பு என்றார்கள், குடலில் வாழும் பக்டீரியா என்றார்கள், மூளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது என்றார்கள், கலம் சக்தியை உண்டாக்கும் விதத்திலேயே கோளாறு என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஆதாரம் இருந்தது. எதுவும் முடிந்த முடிவாகவில்லை. இழைமணி பற்றிய செய்தியை மட்டும் ராத்தா இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். "பாத்தியா, எத்தன புள்ளைகளுக்கு அவனப் பத்திப் புகழ்ந்து சென்னேன். எனக்கே ஸ்ட்ரைக் அடிச்சிட்டான்."

கொரோனா வந்தது. காய்ச்சல் விட்டும் எழும்பாத ஆட்கள் உலகம் முழுக்கத் தோன்றினார்கள். அதுவரை ஒருவருக்கும் வேண்டாத நோய்க்குத் திடீரென்று ஆள் சேர்ந்தது. கண்டியிலும் ஓர் ஆய்வுக்குழு அமைந்தது. பழைய காய்ச்சல்களால் விழுந்தவர்களையும் சேர்ப்பதாகக் கேள்விப்பட்டு நான் எழுதிப் போட்டேன். வந்தவர் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து படித்து வந்த இளம் பெண் டொக்டர். கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ராத்தா சொன்னது முழுவதையும் இடைமறிக்காமல் கேட்டார். பாதியில் ராத்தாவுக்கு மூச்சு வாங்கியபோது, "மெதுவா டீச்சர். எனக்கு அவசரமில்ல" என்றார். பதினைந்து வருடத்தில் எந்த டொக்டரும் அந்த வசனத்தை ராத்தாவிடம் சொன்னதில்லை.

ஆய்வின் முறை எளிமையானது. இரத்தம் எடுப்பார்கள். கைப்பட்டியை ஒரு வாரம் இரவு பகலாகக் கட்டியிருக்க வேண்டும். அது உடம்பின் அசைவை எல்லாம் பதிந்துகொள்ளும். சுகதேகிகளைவிட அசைவு தெளிவாகக் குறைந்தவர்களின் இரத்தம் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போகும். அங்கே வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் கலங்களைப் பிரித்து இழைமணி வரைக்கும் பார்ப்பார்கள். அந்த அடுத்த கட்டம்தான் ராத்தாவுக்கு வேண்டியது. தன் உடம்பிலிருந்து எடுத்த ஒரு துளியைப் பார்த்து, மனசு என்ற சொல்லே தெரியாத ஓர் அந்நியன், இதோ இங்கே பழுது என்று சொல்ல வேண்டும். அதற்குமேல் அவர் எதையும் கேட்கவில்லை. புறப்படும்போது டொக்டர் சொன்னார்: "நீங்க ஸ்பெஷலா ஒண்ணும் செய்ய வேணாம் டீச்சர். எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க. அதுதான் எங்களுக்கு வேணும்."

அந்த வாரத்துக்குள்தான், மாமியாருக்காகக் குர்ஆன் ஓதிச் சாப்பாடு கொடுக்கும் நாற்பதாம் நாள் கத்தம் வந்தது.

அது வரும் என்று ராத்தாவுக்கு முன்பே தெரியும். அதற்காகவே பல நாட்களாக ஆடாமல் அசையாமல் படுத்து, "சேத்து வெச்சிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு மூத்த மருமகள் அவர். ஓதி முடித்துச் சாப்பாடு கொடுக்கும்போது மருமகள் முன்னறையில் படுத்திருக்க முடியாது. ஒருவரும் வற்புறுத்தவில்லை. யாரும் வற்புறுத்தாததால்தான் மறுக்கவும் வழி இல்லை. அன்று நான் போனபோது ராத்தா பின்கட்டில் பலர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டுகளுக்கு நடுவே நின்றார். முந்தின நாளும் வெங்காயம் உரித்து, இறைச்சிக்கு மசாலா சேர்த்தது அவர் கைதான் என்றார்கள். முகத்தில் பவுடர். கையில் அகப்பை. முக்காட்டுத் துணிக்குக் கீழே அந்தச் சாம்பல் பட்டி.

"ராத்தா, படுங்க. நாங்க பாத்துக்கொள்றோம்" என்றேன்.

"மாமிக்கு நான் செய்ற கடைசி வேல இது. இதையும் ஊராள் கையில குடுக்கவா? நீ அங்கால போ. ஆம்புளைகளுக்கு சஹன் பத்தாம ஈக்கும், அதப் பாரு."

பக்கத்து வீட்டுப் பெண்ணொருத்தி உருளைக்கிழங்கு தோலைக் கூடையில் தள்ளிக்கொண்டே உரக்கச் சொன்னாள்: "டீச்சர் எழும்பிட்டாங்க, மாஷா அல்லாஹ்! மையத்து வீட்டுலதான் ஆளுக்கு சொகமாகிய போல." பெண்கள் சிரித்தார்கள். ராத்தாவும் சேர்ந்து சிரித்தார். "அடுத்தது உங்கட வீட்டுல வெச்சிக்கொள்ளுங்க, ஓடியே வாரேன்" என்றார். அந்தப் பெண் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

கத்தம் முடிந்த மறுநாள் காலை பட்டியைக் கழற்ற ஆய்வுக்குழுவிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்தாள். நான் அங்கு இல்லை. நடந்ததை மச்சானும் ராத்தாவும் தனித்தனியே சொல்லக் கேட்டது இது. பட்டியை உறையில் போட்டுக்கொண்டே அந்தப் பிள்ளை, "இந்த வாரம் வழமைக்கு மாறா ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்டாள். மச்சான், "ஒண்டுமில்ல மகள், எப்பவும் போலதான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வீட்டில் கத்தம் ஓதுவதும், பெண்கள் சமைப்பதும், ஆட்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவதும் அவர் கணக்கில் வழமைக்கு மாறானது அல்ல. அந்தப் பிள்ளை ராத்தாவைப் பார்த்தாள். ராத்தாவும் ஆமென்று தலையை ஆட்டினார். இரத்தம் எடுத்தார்கள். தேநீரும், மீந்திருந்த தொதல் இனிப்பும் கொடுத்து அனுப்பினார்கள்.

வழமையான தாமதத்தோடு அன்று பகல் அந்தத் தண்டனை வந்தது. பட்டி அந்நேரம் கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஓர் உறைக்குள் இருந்திருக்கும். ராத்தா முன்னறையிலிருந்து உள்ளறைக்கு மாற்றப்பட்டார். முன்னறை ஜன்னலின் வெளிச்சத்தைக் கண்கள் தாங்கவில்லை. கோப்பையைத் தூக்க முடியாமல் கரண்டியால் தண்ணீர் ஊற்றினார்கள். ரபீஉல் அவ்வல் மாதம் பிறந்து, நபியின் புகழ்பாடும் மவ்லிது ஓதும் சத்தம் பள்ளிவாசலில் தொடங்கியபோதும் அவர் காதில் பஞ்சோடு கிடந்தார்.

முடிவைச் சொல்ல டொக்டர் என்னைக் கண்டிக்குக் கூப்பிட்டார். கணினித் திரையில் மலைத்தொடர் போல ஒரு வரைபு. ஆரம்ப நாட்கள் சமவெளி. கடைசியில் இரண்டு பெரிய மலைகள். வாரத்தின் சராசரி ஒரு சாதாரண இல்லத்தரசியின் அளவைத் தொட்டுவிட்டது, ஆகவே இரத்தம் அடுத்த கட்டத்துக்குப் போகாது என்றார். அந்த மலைகளை நான் அடையாளம் கண்டேன். முதலாவது வெங்காயமும் மசாலாவும். இரண்டாவது கத்தம். சொன்னேன். டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயோ அங்கிள், அன்னைக்கே சொல்லியிருந்தா வேற வாரம் கட்டியிருப்போமே. கேட்டாங்களா, இல்லையா?"

கேட்டார்கள் என்றேன். அந்த வாரத்தை விட்டுவிட்டு இன்னொரு வாரம் கட்ட முடியாதா என்று கேட்டேன். முடியாது என்றார். முடிவைப் பார்த்த பிறகு, பிடிக்காததை நீக்க ஆரம்பித்தால் அது ஆய்வு ஆகாது. ஒருவருக்காகச் செய்தால் எல்லோருக்கும் செய்ய வேண்டும். பிறகு வரும் ஒருவரும் இதை நம்ப மாட்டார்கள். அவர் சொன்னது சரி. நான் வாசித்த எல்லா நல்ல நூல்களும் அதையே சொல்கின்றன. எலி வைரஸ் கதையும் அப்படிப்பட்ட நேர்மையால்தான் முடிவுக்கு வந்தது. நேர்மையான ஒன்றின் கையால் அடி வாங்கும்போது யாரைத் திட்டுவது என்று தெரிவதில்லை.

மச்சானிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. "நல்ல செய்திதானே? மிஷினே செல்லுதே, ஒடம்பு நல்லா ஈக்கிண்டு. பாருங்க, நான் எப்பவும் செல்றதுதானே." அவர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். பள்ளிவாசலிலும் நாலு பேரிடம் சொன்னார். அதுவரை ராத்தாவுக்கு எதிராக ஊரின் பேச்சு மட்டும் இருந்தது. இப்போது ஒரு கருவியின் சாட்சியும் சேர்ந்தது.

பேசும் அளவுக்குத் தேறியதும் ராத்தாவிடம் கேட்டேன். மச்சானுக்கு விளங்கவில்லை, சரி. நீங்கள் விஞ்ஞானம் படிப்பித்தவர். பரிசோதனையில் ஒன்று மாறினால் எழுத வேண்டும் என்று எங்களுக்கே சொல்லித் தந்தவர். அந்தப் பிள்ளை கேட்டபோது ஏன் தலையை ஆட்டினீர்கள்? அவர் குரல் சுவரில் பட்டுத்தான் என்னிடம் வந்தது.

"மாமிட கத்தத்துக்கு சமச்சத, எனக்கு வருத்தம் கூடிச்சிண்டு வெளியாள்கிட்ட செல்லவா? நன்மைக்குச் செஞ்சது தம்பி. கஷ்டம்ண்டு கணக்கெழுதினா அதுல என்ன மிஞ்சும்?" பிறகு, "தெரியும்டா. செல்லாட்டி என்ன ஆகும்ண்டும் தெரியும். வாய் வரல்ல" என்றார்.

டொக்டர் ஒருமுறை தானாகவே கலகெதரவுக்கு வந்தார். அடுத்த சுற்றில் கட்டாயம் சேர்ப்பதாகச் சொன்னார். அந்த வருடங்களில் டொக்டர்கள் கூட்டம் கூட்டமாக நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். இவரும் போனார். போகும் முன் விடைபெற வந்து இருட்டறையில் கட்டிலருகே நின்று, "டீச்சர், நான் ஒங்கள நம்புறேன்" என்றார். ராத்தா கண் திறக்காமல், "சந்தோஷம் மகள். அத ரத்தத்துல காட்டுங்க" என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது டொக்டர் அழுதுகொண்டிருந்தார். அவருக்குப் பின் ஆய்வு அப்படியே நின்றது. இரத்தக் குப்பிகள் என்னவாயின என்று நான் விசாரித்தேன். பதில் வரவில்லை.

கத்தத்துக்கு முன்பிருந்த நிலைக்கு ராத்தா திரும்பவே இல்லை. அதுவே மோசம் என்று நினைத்த காலத்தை இப்போது நல்ல காலம் என்கிறோம். அப்போது அவர் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார், பகிடி விட்டார். இப்போது உள்ளறையின் ஜன்னலில் தடித்த துணி. நான் போனால் வாசலருகே தரையில் உட்காருவேன். குரலைத் தாழ்த்தி ஓரிரண்டு வசனம்தான். வெளிநாட்டில் ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுக்களை ஒப்பிட்டுச் சில இடங்களில் வித்தியாசம் கண்டிருக்கிறார்கள் என்ற செய்தியைப் போன வருடம் மூன்று வசனமாகச் சுருக்கிக்கொண்டு போனேன். இரண்டாவது வசனத்தில் கையை லேசாக அசைத்தார். நிறுத்தச் சொல்கிறார் என்று விளங்கிக்கொண்டேன்.

அண்மையில் ஒரு நாள் நான் அங்கிருந்தபோது என் தொலைபேசி அதிர்ந்தது. கண்டியிலிருந்து ஒரு பெண்பிள்ளை. ஆய்வு திரும்பவும் ஆரம்பமாகிறதாம். பழைய டொக்டர் எழுதிவைத்துவிட்டுப் போன பெயர்களில் ராத்தாவின் பெயர் முதலில் இருக்கிறதாம். இந்த முறை கைப்பட்டி இல்லை. நேரில் வந்து சைக்கிள் மிதிக்க வேண்டும். மறுநாளும் வந்து மிதிக்க வேண்டும். முதல் நாளைவிட மறுநாள் உடம்பு எவ்வளவு விழுகிறது என்பதை அளந்தால் நோய் பிடிபடும் என்றாள். சரியான சோதனை. ராத்தாவின் நோயைத் தெரிந்தவர்கள் யோசித்த சோதனை. வீட்டுக்கு வர முடியாதா என்றேன். கருவி பெரிது, தூக்க முடியாது என்றாள். கலகெதர மலை வளைவுகளில் படுத்தபடி ஒரு வேனில் கொண்டுபோவதைப் பற்றி யோசித்தேன். யோசிக்கும்போதே அது நடக்காது என்று தெரிந்தது. இருந்தாலும் கேட்காமல் விடக்கூடாது என்று வாசலில் நின்றபடி ராத்தாவிடம் சொன்னேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பியே கிடந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"பெய்த்து வர ஏலும்ண்டா," என்றார், "நான் என்னத்துக்குடா போற?"

முற்றத்துக்கு வந்து அந்தப் பிள்ளையிடம் வர முடியாது என்று சொன்னேன். அவள் மரியாதையாக, "சரி அங்கிள். அப்ப காரணம், விருப்பமில்லைன்னு போட்டுக்கவா?" என்று கேட்டாள். விருப்பமில்லாமல் இல்லை, உடம்புக்கு ஏலாது, அப்படிப் போடுங்கள் என்றேன். விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"அப்படி ஒரு காரணம் இந்த லிஸ்ட்ல இல்லையே அங்கிள்" என்றாள்.